கடலுக்குள் ஒரு வேலி

தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கரையில், இராமநாதபுரம் மாவட்டத்து நிலம் ஒரு விரலைப் போலக் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றது. அவ்விரலின் நுனியை அடுத்து அமைந்துள்ள ஊர் மண்டபம். அதற்கு அப்பால் பாம்பன் கால்வாய். கால்வாயைக் கடந்தால் இராமேசுவரத் தீவு. மண்டபத்தில் நின்று வடக்கே நோக்கினால் பாக் விரிகுடா தோன்றும். தெற்கே நோக்கினால் மன்னார் வளைகுடா தோன்றும். வடகடல் பெரும்பாலும் அலையடங்கிக் குளம்போல் கிடக்கும். தென்கடல் அலைவீசி ஆர்ப்பரிக்கும். ஆதலின் இப்பகுதி மக்கள் முன்னதைப் 'பெண் கடல்' என்றும், பின்னதை 'ஆண் கடல்' என்றும் வழங்குகின்றனர்.

மன்னார் வளைகுடா பழம்புகழ் வாய்ந்தது. பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கையில் குவிந்த முத்துகள் இக்கடலில் மூழ்கி எடுக்கப்பட்டவையே. அவை யவன நாடு வரை சென்று விலைபோயின. இங்கு எடுக்கப்பட்ட சங்குகள் வங்காளம் சென்று, அங்குள்ள பெண்களின் கைவளைகளாயின. முத்துக் குளித்தல் என்னும் பழந்தொழில் 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆயினும், முத்தினும் சிறந்த செல்வம் ஒன்று இக்கடலில் இன்றும் உண்டு. அஃது உயிர்ச்செல்வம். செடியும் விலங்குமாக 3,600க்கும் மேற்பட்ட உயிர்வகைகள் இங்கு வாழ்கின்றன.

தூத்துக்குடி முதல் பாம்பன் வரை, கரைக்கு இணையாக, 21 சிறு தீவுகள் மாலையில் கோத்த மணிகளைப் போலக் காணப்பட்டன. அவற்றையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர்ப் பரப்பினைத் தமிழ்நாடு அரசு 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அமைத்தது. 1989ஆம் ஆண்டில், இப்பூங்காவை நடுவாகக் கொண்ட 10,500 சதுர கிலோமீட்டர்ப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் கடலுக்கென அமைந்த முதல் உயிர்க்கோளக் காப்பகம் இதுவேயாகும்.

இராமேசுவரத்திற்குச் செல்வோர் பல்லாயிரவர். பாம்பன் பாலத்தின்மேல் நின்று கடலழகை வியப்போர் பலர். அக்கடலின் அடியில் இருப்பது யாது என்று அறிந்து மீள்வோர் சிலரே. அதனை அறிய ஒரு நாள் போதும். பரமக்குடியிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பத்தாரோடு நாமும் ஒரு நாள் சென்று வருவோம். தந்தை, தாய், ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள், ஆறாம் வகுப்பில் பயிலும் மகன், அவர்களுடைய அப்பத்தா ஆகிய ஐவர் அக்குடும்பத்தினர். பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவர்கள் புறப்பட்டனர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடித் திங்கள்களில் ஆண் கடல் கொந்தளிக்கும். காற்று அடங்கிய காலமே தீவுகளைக் காண ஏற்ற காலமாகும்.

அவர்கள் முதலிற் சென்ற இடம் மண்டபம் முகாம். 'முகாம்' என்னும் பெயர் எவ்வாறு வந்தது? ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் சென்ற தமிழ் மக்கள் கப்பலேறுமுன் இங்குத் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுள் எவரேனும் தொற்றுநோய் உடையரோ என்று ஆராய்ந்த பின்னரே அக்கரைக்கு அனுப்பினர். துயரம் நிறைந்த அவ்விடத்தில் இன்று அறிவு வளர்க்கும் நிலையம் ஒன்று உள்ளது. 1947ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள் தொடங்கப்பெற்ற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949இல் இங்கு வந்து அமைந்தது. அதன் தலைமையகம் 1971இல் கொச்சிக்கு மாற்றப்பட்டது. எனினும், மண்டபத்தில் ஆராய்ச்சி இடையறாது நடந்து வருகின்றது. கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வைத்துக் காட்டும் காட்சிச்சாலையும் இங்கு உண்டு.

கண்ணாடித் தொட்டியின் முன் நிற்பவருக்குக் கடலின் அடியில் நிற்பது போன்ற உணர்வு தோன்றும். கடற்சாமந்தி என்னும் உயிர் மலரைப்போல் விரிந்திருக்கும். அதன் இதழ்கள் போன்ற உணர்விழைகள் நஞ்சுடையவை. சிறுமீன் தொட்டால் மயங்கி இரையாகும். ஆனால், செம்மஞ்சள் நிறமும் வெண்பட்டையும் கொண்ட கோமாளி மீன் மட்டும் அவ்விழைகளுக்கு இடையே அஞ்சாது விளையாடும். அதன் உடலின்மேல் உள்ள வழுவழுப்பான பூச்சு அதனைக் காக்கின்றது. மீனுக்குக் கடற்சாமந்தி அரண்; மீன் தின்று சிந்துவது கடற்சாமந்திக்கு உணவு. ஒன்று மற்றொன்றை வாழ்விக்கும் இத்தகைய உறவே கடல்வாழ்வின் அடிப்படை என்பதை முன்னே மேலும் காண்போம்.

கடற்குதிரையைக் கண்ட சிறுவன் கைகொட்டி நகைத்தான். தலை குதிரை போன்றது. வால் குரங்கின் வால் போன்றது. எனினும் அது மீனினமே. பெண் கடற்குதிரை முட்டைகளை ஆணின் வயிற்றுப்பையில் இட்டுச் செல்லும். அவற்றைச் சுமந்து குஞ்சு பொரிக்கும் கடமை தந்தையுடையது. "நல்ல வழக்கம்" என்று தாய் கூற, யாவரும் சிரித்தனர்.

கடலட்டை அசையாது கிடந்தது. காண்பதற்கு அழகற்ற அவ்வுயிர் செய்யும் தொண்டு பெரிது. அது கடலடி மணலை உட்கொண்டு, அதில் கலந்துள்ள அழுகற் பொருள்களைச் செரித்து, தூய மணலை வெளியேற்றுகின்றது. நிலத்தில் மண்புழு செய்யும் பணியைக் கடலில் கடலட்டை செய்கின்றது எனலாம். வெளிநாட்டாரின் உணவுக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் அதன் இனம் குன்றியது. எனவே 2001ஆம் ஆண்டில் அதனைப் பிடிப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது.

மண்டபத்து ஆராய்ச்சி வரலாற்றில் நினைவுகூரத் தக்க விருந்தினர் இருவர் உளர். அவர் மனிதர் அல்லர், ஓரிணைக் கடற்பசுக்கள். 1959ஆம் ஆண்டு இங்குக் கொண்டுவரப்பட்ட அவை பல ஆண்டுகள் தொட்டியில் வளர்க்கப்பட்டன. கடற்பசுவை இவ்வட்டார மீனவர் 'ஆவுளியா' என்பர். அது மீன் அன்று; குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. மூன்று மீட்டர் நீளமும், ஏறத்தாழ 400 கிலோ எடையும் கொண்டு வளரக்கூடியது. இவ்வளவு பெரிய உடல் படைத்தும் அது எவ்வுயிரையும் வேட்டையாடுவதில்லை. கடலடியில் முளைத்துள்ள புல்லை மேய்ந்தே வாழ்கின்றது.

"கடலில் புல் முளைக்குமா?" என்று அப்பத்தா வினவினார். முளைக்கும். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் பத்துக்கும் மேற்பட்ட வகைக் கடற்புற்கள் உள்ளன. அவை பாசிகள் அல்ல. வேரும் தண்டும் இலையும் உடையன, பூத்துக் காய்ப்பன. அவற்றின் வேர்கள் மணலைப் பிணித்து நிற்கின்றன. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அப்புல்வெளியில் ஒளிந்து வளர்கின்றன. மீனவன் ஆழ்கடலில் வலைவீசிப் பிடிக்கும் மீன்களுள் பல, தம் இளமையில் இப்புல்வெளியில் தவழ்ந்தவையே.

கடற்பசு சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு வந்து மூச்சு வாங்கவேண்டும். வலையில் சிக்கிக்கொண்டால் மேலே வர இயலாமல் மூச்சடைத்து மடிந்துவிடும். ஒரு குட்டி ஈன்ற பின் மறு குட்டிக்கு அது பல ஆண்டுகள் எடுத்துக்கொள்வதால், இழந்தவற்றை விரைவில் ஈடுசெய்தல் அரிது. இந்தியக் கடல்கள் அனைத்திலும் எஞ்சியுள்ளவை சில நூறே என்று அறிஞர் மதிப்பிடுகின்றனர். இவ்வினத்தைக் காப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்கென இந்தியாவில் அமைந்த முதற் காப்பகம் அது. வலையில் அகப்பட்ட ஆவுளியாவை வலையை அறுத்து விடுவித்த மீனவர்களும் இக்கரையில் உளர். அறுந்த வலை அவர்களுக்கு ஒரு பெருஞ்செலவு என்பதை எண்ணினால் அச்செயலின் அருமை விளங்கும்.

நண்பகலுக்கு முன் குடும்பத்தினர் பாலத்தைக் கடந்து, பாம்பனை அடுத்த குந்துகால் என்னும் இடத்தை அடைந்தனர். விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து திரும்பியபோது, 1897ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தாய்நாட்டு மண்ணில் முதன்முதல் கால் வைத்த இடம் இதுவே. தீவுகளுள் எதற்கும் வனத்துறையின் இசைவின்றிச் செல்லுதல் கூடாது. அத்துறையினர் ஏற்பாடு செய்த படகில் ஏறி அவர்கள் குருசடைத் தீவை நோக்கிச் சென்றனர். உடலோடு மிதவையங்கியை இறுகக் கட்டிய பின்னரே படகு நகர்ந்தது. படகோட்டி, கடற்காற்றில் உடல் கறுத்து, தலை நரைத்த மீனவர்.

தீவை நெருங்க நெருங்க நீரின் நிறம் மாறியது. கருநீலம் பச்சையாயிற்று, பச்சை தெளிந்து பளிங்காயிற்று. நீரின் அடியில் மான்கொம்புகள் போலக் கிளைத்தனவும், மூளைபோல மடிப்புற்றனவும், மேசைபோல் தட்டையாய் விரிந்தனவுமாகப் பல உருவங்கள் தோன்றின. அவற்றின் இடுக்குகளில் மஞ்சளும் நீலமும் கறுப்பும் கலந்த மீன்கள் ஓடி ஒளிந்தன.

"அப்பா, இவை செடிகளா? கற்களா?" என்றான் சிறுவன்.

"இரண்டும் அல்ல; விலங்குகள்" என்று அவன் தமக்கை விடை கூறினாள். அவள் கூறியது உண்மையே. இவைதாம் பவளத்திட்டுகள். நவமணிகளுள் ஒன்றாக எண்ணப்படும் செம்பவளம் வேறு, இது வேறு. பவளத்திட்டினைக் கட்டும் உயிர் அளவில் மிகச் சிறியது. பெரும்பாலும் சில மில்லிமீட்டரே இருக்கும். அதனைப் 'பவளப் பூச்சி' என்று கூறுவாரும் உளர். ஆயினும் அது பூச்சியினம் அன்று. கடற்சாமந்திக்கும் சொறிமீனுக்கும் உறவுடையது. மென்மையான சிறு பை போன்ற உடல். மேலே ஒரு வாய். வாயைச் சுற்றி உணர்விழைகள். அவ்வளவே அதன் வடிவம். கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பினை ஈர்த்து, அது தன்னைச் சுற்றிக் கல்போன்ற கிண்ணம் ஒன்றை அமைத்துக்கொள்கின்றது. தாய் உயிரிலிருந்து மொட்டுப் போல் மற்றொன்று தோன்றும். அதுவும் தனக்கென ஒரு கிண்ணம் கட்டும். உயிர் மாய்ந்தாலும் கல் மாய்வதில்லை. முன்னோர் கட்டிய கல்லின்மேல் பின்னோர் கட்டுவர். இவ்வாறு எண்ணிறந்த தலைமுறைகள் உழைத்த உழைப்பே பவளத்திட்டாகும்.

இவ்வளவு சிறிய உயிர் இவ்வளவு பெரிய பணியைச் செய்வதற்கு ஆற்றல் எங்கிருந்து வருகின்றது? அதன் உடலுக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அவ்வுணவின் பெரும்பகுதியைத் தமக்கு இடங்கொடுத்த பவள உயிருக்கு அளிக்கின்றன. பவளத்தின் வண்ணத்திற்குப் பெரிதும் காரணமாயிருப்பவையும் அவையே. ஆதலால்தான் ஒளி புகக்கூடிய தெளிந்த, ஆழமற்ற, வெப்பமான கடலில் பவளத்திட்டு வளர்கின்றது. சேறு கலந்த நீரில் அது மூச்சுத் திணறும்.

உலகக் கடலடியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூடப் பவளத்திட்டு இல்லை. ஆயினும், கடலில் வாழும் உயிர்வகைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தம் வாழ்வில் ஒரு பொழுதேனும் அதனைச் சார்ந்து வாழ்கின்றன. மேலும், பவளத்திட்டு கரையையும் காக்கின்றது. ஆழ்கடலிலிருந்து பாய்ந்து வரும் அலை அதன்மேல் மோதி உடைந்து, வலிமை குன்றிய பின்னரே கரையை அடைகின்றது. பல நாட்டுக் கடல்களில் எடுத்த அளவுகளை ஒருங்கு தொகுத்து 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைப் பவளத்திட்டுகள் தடுத்துவிடுகின்றன என்று காட்டியுள்ளது. உழவன் தன் வயலைச் சுற்றி வேலி கட்டுகின்றான். இக்கரைக்கு வேலி கட்டியவை இச்சிற்றுயிர்கள்.

அப்பத்தா நீருக்குள் உற்று நோக்கினார். பின்னர், "இந்தக் கல்லை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்க் காளவாய்க்கு வண்டி வண்டியாய் வரும். அதைச் சுட்ட சுண்ணாம்பால்தான் எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளை அடித்தோம்" என்றார்.

படகோட்டி சற்று நேரம் பேசாதிருந்தார். "உண்மைதான் அம்மா" என்று அவர் தொடங்கினார். "என் இளமையில் நானும் வள்ளத்தில் வந்து, கடப்பாரையால் இக்கல்லைப் பெயர்த்தவன்தான். மீன் கிடைக்காத நாளில் கல் கிடைக்கும். கல்லுக்குக் காசு கிடைக்கும். கடலில் கிடக்கும் கல்தானே, குறைந்தா போகும் என்று எண்ணினோம். குறைந்தது. கல் குறைந்த இடத்தில் மீனும் குறைந்தது. பிறகு கரையும் குறையத் தொடங்கியது."

அவர் கூறியதில் மிகை ஏதும் இல்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும், கட்டடக் கல்லுக்காகவும், ஆலைகளின் தேவைக்காகவும் பல்லாண்டுகள் பவளக்கல் வெட்டி எடுக்கப்பட்டது. உருண்டை வடிவப் பவளம் ஓராண்டில் வளர்வது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே. ஒரு முழ உயரமுள்ள கல் வளர அரை நூற்றாண்டு ஆகும் என்றால், அதனைப் பெயர்க்க ஒருவனுக்குச் சில நிமிடங்களே போதும். தீவுகள் தாமும் பவளக்கல்லும் பவள மணலும் குவிந்து உருவானவையே. வேலி உடைந்தபின் அலைகள் நேரே தீவுகளின்மேல் பாய்ந்தன. மணலை அரித்துச் சென்றன. கீழக்கரைக்கு எதிரேயிருந்த பூவரசன்பட்டித் தீவும், தூத்துக்குடிக்கு அருகேயிருந்த விலங்குச்சல்லித் தீவும் நீருள் மூழ்கி மறைந்தன. 21 தீவுகள் எனப் பெயர் பெற்ற மாலையில் இன்று நீருக்கு மேல் விளங்கும் மணிகள் 19 மட்டுமே. நம் நாட்டின் நிலப்படத்திலிருந்து பகைவர் எவரும் வாராமலே இரண்டு தீவுகள் நீங்கின என்பது எண்ணத் தக்கது.

2001ஆம் ஆண்டில் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் உரிய காவல் அதற்கும் கிடைத்தது. ஆயினும், சட்டத்தினும் வலிமையாக ஒரு பாடம் கற்பித்தது 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை. நாகப்பட்டினத்துக் கரை பேரழிவுக்கு உள்ளான அன்று, மன்னார் வளைகுடாக் கரையில் சேதம் குறைவாயிருந்தது. இலங்கைத் தீவு மறைத்து நின்றது அதற்கு ஒரு காரணம். இடையிலிருந்த தீவுகளும் பவளத்திட்டுகளும் மற்றொரு காரணம். தாம் உடைத்த கல் யாது என்பதைக் கரையோர மக்கள் உணர்ந்தனர். அதன்பின் 2005ஆம் ஆண்டளவில் கல் வெட்டும் தொழில் நின்றது.

உடைந்த வேலியைத் திரும்பக் கட்ட இயலுமா? தூத்துக்குடிக்கு அருகேயுள்ள வான் தீவில் அதற்கு ஒரு முயற்சி நடைபெற்றது. 1986இல் ஏறத்தாழ 16 எக்டேர் பரப்புடன் இருந்த அத்தீவு, 2014இல் ஏறத்தாழ 2 எக்டேராகக் குறுகிவிட்டது. இன்னும் சில ஆண்டுகளில் அதுவும் மறையும் என்ற நிலையில், துளைகள் பொருந்திய சிமெண்டுக் கட்டமைப்புகளைச் செய்து, தீவின் முன் கடலில் வரிசையாக இறக்கினர். அலையின் வேகம் தணிந்தது. மணல் படியத் தொடங்கியது. துளைகளில் மீன்கள் குடிபுகுந்தன. சிமெண்டின்மேல் இளம் பவளங்களும் பற்றி வளர்ந்தன. இயற்கை ஊதியம் பெறாமல் செய்துவந்த வேலையை மனிதன் செய்யப் புகுந்தால் எவ்வளவு பொருளும் உழைப்பும் வேண்டியிருக்கும் என்பதற்கு வான் தீவு சான்றாகும்.

கடப்பாரைக்குத் தப்பிய பவளத்திற்கு மற்றொரு பகை தோன்றியுள்ளது. அது வெப்பம். உலகின் வெப்பம் பெருகப் பெருகக் கடல்நீரும் சூடேறுகின்றது. வழக்கமான கோடை வெப்பத்தினும் ஓரிரு பாகை மிகுந்து, அது பல வாரங்கள் நீடித்தால், பவள உயிர் தன்னுள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகின்றது. நிறம் போய் வெண்மையாகின்றது. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசி மீண்டும் சேரும். குளிராவிட்டால் பவளம் பட்டினியால் மாயும். இவ்வெளுப்பு 2010ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் நிகழ்ந்தது. கல்லைப் பெயர்ப்பவனைக் காவலர் தடுக்கலாம். வெப்பத்தைத் தடுக்கும் காவலர் எங்குளர்? கரி எரித்துப் புகை பெருக்கும் நாடுகள் அனைத்தும், நகரங்கள் அனைத்தும், வீடுகள் அனைத்தும் சேர்ந்து செய்ய வேண்டிய காவல் அது.

படகு குருசடைத் தீவை அடைந்தது. அளவிற் சிறியதாயினும் விலங்கியல் அறிஞரிடையே உலகப் புகழ்பெற்ற தீவு இது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த கிரேவ்லி என்பாரும் பிறரும் இத்தீவின் கரையோர உயிர்களை ஆராய்ந்து எழுதிய நூல் 1927ஆம் ஆண்டில் வெளிவந்தது. இத்தீவின் மணலில் 'பலனோகிளாசசு' என்னும் ஒரு புழு வளையமைத்து வாழ்கின்றது. தோற்றத்தில் மண்புழு போன்றதே. ஆயினும் மீன்களின் செவுளில் இருப்பன போன்ற பிளவுகள் அதன் உடலில் உள்ளன. முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகெலும்புள்ள உயிர்களுக்கும் உள்ள பழைய உறவினை ஆராய்வோர்க்கு அது அரிய சான்று. அதனைக் காண்பதற்காகவே கல்லூரி மாணவர் பலர் தொலைவிலிருந்து இத்தீவிற்கு வந்துள்ளனர்.

தீவின் கரையில் வெண்ணிறப் பவளத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. சிறுவன் அழகிய துண்டு ஒன்றை எடுத்தான். அதன் மேற்பரப்பில் விண்மீன் வடிவக் குழிகள் நிறைந்திருந்தன. வகுப்பில் நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது அவன் விருப்பம். உடன் வந்த வனக்காவலர், "தம்பி, அதனை இருந்த இடத்திலேயே வைத்துவிடு" என்றார்.

"இது செத்துப்போன கல்தானே, ஐயா?"

"ஆம். ஆனால், இத்தீவு முழுவதும் செத்துப்போன கல்லால் ஆனதுதான். வருகின்றவர் ஒவ்வொருவரும் ஒரு கல் எடுத்துச் சென்றால் தீவு எங்கே நிற்கும்?"

சிறுவன் துண்டினைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு, எடுத்த இடத்திலேயே வைத்தான். உயிருள்ளதாயினும் இல்லாததாயினும் பவளத்தை எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றமாகும். ஆனால், அச்சிறுவன் சட்டத்திற்கு அஞ்சி வைத்தவன் அல்லன். காரணம் விளங்கியதால் வைத்தான்.

திரும்பும் வழியில், தொலைவில் சில பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று குனிந்து எழுவதைக் கண்டனர். அவர்கள் கடற்பாசி எடுப்போர். பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் வழிவழியாகச் செய்துவரும் தொழில் இது. கூரிய கல் கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிப்பர். உணவுப் பண்டங்களைக் கட்டியாக்கும் பொருள்கள் அப்பாசியிலிருந்து செய்யப்படுகின்றன. தீவுகள் தேசியப் பூங்காவான பின், அவர்கள் பழகிய இடங்களுள் பல தடைக்கு உள்ளாயின. "கடலைக் காக்க வேண்டும் என்கிறார்கள், சரிதான். அப்படியானால் இவர்கள் எதை உண்பது?" என்று தாய் வினவினார்.

இது புறக்கணிக்கத் தக்க வினா அன்று. காப்பு என்பது வேலியிட்டு மக்களை வெளியே நிறுத்துவது மட்டுமானால், அவ்வேலி நெடுநாள் நில்லாது. கடலைக் கண்ணும் கருத்துமாக அறிந்தவர் அதனால் வாழ்வோரே. எந்தப் பாசியை எந்தத் திங்களில் பறித்தால் மீண்டும் தழைக்கும் என்பதும், எப்பாரில் எம்மீன் முட்டையிடும் என்பதும் அவர்கள் அறிவர். கல் பெயர்த்த கைகளே இன்று படகு செலுத்தி, வருவோர்க்குப் பவளத்தைக் காட்டுகின்றன. அக்கைகளுக்கு வேலையும் ஊதியமும் தருவது கடலைக் காக்கும் முறைகளுள் தலையாயது. அவர்களை மறந்து செய்யும் காப்பு அரைகுறையானதே.

கடற்கரைக் காட்சிச்சாலைகளுக்கும் தீவுகளுக்கும் செல்லும் மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டியவை சில உள்ளன. சங்கு, சிப்பி, பவளம் ஆகியவற்றை எடுத்தல் ஆகாது. விலைக்கு வாங்குதலும் நன்றன்று. நீர்வற்றிய பாறைகளில் உயிர்களை மிதித்தல் கூடாது. நெகிழிப் பைகளைக் கரையில் எறிதல் கொடிது. மன்னார் வளைகுடாவில் பங்குனி ஆமை, பேராமை, அலுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்னும் ஐவகைக் கடலாமைகள் காணப்படுகின்றன. நீரில் மிதக்கும் நெகிழிப் பையைச் சொறிமீன் என்று எண்ணி விழுங்கும் ஆமை உணவுக்குழல் அடைபட்டு இறக்கின்றது. பரமக்குடியிலோ மதுரையிலோ தெருவில் எறியப்பட்ட பை, மழைநீரோடு வைகையில் கலந்து கடலை அடையக்கூடும். கடலைக் கண்ணாற் கண்டறியாதவரும் கடலுக்குத் தீங்கு செய்ய முடியும் என்பதை இதனால் அறிகின்றோம். அவ்வாறே, கடலினின்று தொலைவில் வாழ்வோரும் அதற்கு நன்மை செய்ய இயலும்.

மூழ்கிய இரு தீவுகளும் இனி எழப்போவதில்லை. எஞ்சிய தீவுகள் அலைகளுக்கு நடுவே இன்றும் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் இரவும் பகலும் தம் வேலியைக் கட்டிக்கொண்டேயிருக்கின்றன. ஓராண்டு முழுதும் அவை உழைத்து எழுப்புவது ஒரு விரலின் பருமன் அளவே. அவ்விரற்பருமன் சுவரை அடுத்த ஆண்டு வரை நிற்க விடுவதே நாம் அவற்றிற்குச் செய்யக்கூடிய கைம்மாறு ஆகும்.